இருபத்தெட்டாவது கட்டம்

...கை தவறினால் அங்கேயும் இங்கேயுமாகத்தானே தவறும், ஒரே பக்கமாகப் போய் எப்படித் தவறும், இதை ஏன் நேற்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை, சங்கையா அண்ணன் கட்டிங் மெஷினிலிருந்து ஒரு கை லேபிளை அள்ளி வந்து என் மேசைமேல் பரப்பியபோது ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். தரைச்சக்கரப் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள், சுற்றிலும் தங்க நிறப் பட்டை, அந்தப் பட்டை இடது பக்கம் நூலாக மெலிந்திருந்தது, வலது பக்கம் பட்டையையும் தாண்டி வெள்ளைத் தாள் எட்டிப் பார்த்தது, மேலேயும் மெலிவு, கீழே வெள்ளை. எங்கே வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டவள் நான், அந்தக் கோட்டின் மேலேயே வெட்டியவர் அவர், அவர்மேல் தப்பில்லை. பிரஸ் முதலாளி லட்சுமிகாந்தம் ஒரு லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், லேபிளைப் பார்த்ததைவிட அதிக நேரம். "கை பழகல போல செல்வி. ஒன்னயக் கொற சொல்லல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம், சரிப்படலன்னா எண்ணிக் கட்டுற ரூமுக்குப் போயிரு. வேலய விட்டு அனுப்பல, பயப்படாத." திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், இந்தப் பாவம் பார்க்கிற குரல் இருக்கிறதே, அதுதான் ராத்திரி முழுக்கக் காதுக்குள்ளேயே இருந்தது. நாளைக்கு மத்தியானம் என்று சொன்ன அந்த மத்தியானம் இன்றைக்குத்தான். இப்போது மணி பத்தரை, பன்னிரண்டுக்கு கரண்ட் போய்விடும், இரண்டுக்குத்தான் வரும், சிவகாசிக்குப் போயிருக்கிற முதலாளியும் பன்னிரண்டுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

எண்ணிக் கட்டுகிற அறை ஒன்றும் நரகமில்லை, பதினோரு பெண்கள், ஒரு ரேடியோ, சிரிப்பு, ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி நூல் போட்டுக் கட்ட வேண்டியதுதான், ஆனால் அங்கே போனால் என் மண்டை தூங்கிவிடும், அது எனக்குத் தெரியும். இந்தத் திரை முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு ஏன், எப்படி, எதனால் என்று கேள்வி வருகிறது, அதற்காகத்தானே விஸ்வநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறித் திருத்தங்கலுக்கு வருகிறேன். வலது கையில் மூன்று விரல் மடங்காது, ஐந்து வருடமாக அப்படித்தான், பட்டாசுக் கம்பெனியில் சுட்டுக்கொண்டது, வெந்து ஆறியதில் தோல் இழுத்துப் பிடித்துவிட்டது, அந்தக் கையால் டம்ளர் பிடிக்கலாம், மௌஸ் பிடிக்க முடியாது. அதனால் இடது கை, நொட்டாங்கை. அம்மா முதலில் முகம் சுளித்தாள், அவளுக்கு நொட்டாங்கையால் எதைக் கொடுத்தாலும் ஆகாது, பிறகு அவளே ஒரு சட்டம் போட்டாள், "வேலைய எந்தக் கையில வேணாச் செஞ்சுக்க, சோத்த மட்டும் அந்தக் கையில தொட்டுராத." சரி என்றேன். டிடிபி வகுப்பில் ஆறு மாதம், எல்லாரும் மௌஸை வலது பக்கம் வைக்க, நான் மட்டும் கம்பியை இழுத்து இடது பக்கம் கொண்டுபோவேன், எனக்குப் பிறகு அந்த இடத்தில் உட்காருகிறவள் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப மாற்றுவாள். பழகிவிட்டதென்றுதான் நினைத்தேன். பழகவில்லையோ... ஒரு கைக்கு வகுப்பில் ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் போதாதோ, இன்னொரு கை பத்தொன்பது வருடம் கற்றதை இது எப்போது கற்று முடிக்கும்.

ஆனாலும் ஒரே பக்கம், அதுதான் உறுத்துகிறது. நேற்றைய லேபிள்களில் நாற்பதை வீட்டுக்கு எடுத்துப் போய் ஸ்கேல் வைத்து அளந்தேன், நாற்பதிலும் வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர், கீழே ஒரு மில்லிமீட்டர், ஒன்றுகூட இடது பக்கம் தவறவில்லை, ஒன்றுகூட மேலே ஏறவில்லை. நடுங்குகிற கை இத்தனை ஒழுங்காகவா நடுங்கும்? இந்த பிரஸ்ஸில் முழுத்தாளையும் திரையில் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் வெட்டுக்கோடு போடுகிறோம், பெரிதாக்கிப் போட்டால் இந்தப் பழைய கம்ப்யூட்டர் படத்தை வரைந்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், அப்படிச் சின்னதாக வைத்துப் பார்க்கும்போது திரையில் ஒரு புள்ளி தவறினால் தாளில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். ஆகவே ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி, எப்போதும் வலது பக்கம், எப்போதும் கீழே. என் கைக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் என்ன இருக்கிறது... அம்பு இருக்கிறது. நான் செய்த அம்பு.

அந்த அம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே விளங்காது. மௌஸை நகர்த்தினால் திரையில் ஓடுகிற அம்பு இருக்கிறதே, அது ஏன் இடது பக்கமே சாய்ந்திருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, நான் கேட்டேன். வலது கையால் ஒன்றைச் சுட்டிக் காட்டினால் விரல் இடது பக்கம் சாயும், அதனால்தானோ? அப்படியென்றால் நொட்டாங்கைக்காரி கைக்கு அது மாற்றான் வீட்டு விரல். எனக்கு அது எப்போதும் குறுக்கே நின்றது, நான் பார்க்க வேண்டிய இடத்தை அதன் வால் மறைப்பது மாதிரியே இருக்கும். திருட்டு மென்பொருள் வைத்திருந்தால் ரெய்டு வருவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி முதலாளி எங்கள் மூன்று கம்ப்யூட்டரிலும் காசு கேட்காத லினக்ஸ் போடச் சொன்னார், போட வந்தவர் சிவகாசி ஃபரீத் அண்ணன், அவரிடம்தான் கேட்டேன், இந்த அம்பை வலது பக்கம் திருப்ப முடியுமா என்று. அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "அம்பு எங்கன இருந்து வருதுன்னு தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தனக்கென்று அம்பு வரைந்து வைத்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். அம்பு, கை, கடிகாரம், எழுத்துக்கு நடுவில் நிற்கிற கோடு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு லைப்ரரி இருக்கிறதாம், யாருக்கு என்ன வடிவம் வேண்டுமோ அதன் பெயரைச் சொல்லி அங்கே கேட்க வேண்டும், அது ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் போய்ப் படத்தை எடுத்துக் கொடுக்கும், அங்கே இல்லாவிட்டால் இன்னொரு ஃபோல்டரில் தேடும். ஊருக்குப் பொதுவான கல்யாணப் பாத்திரம் மாதிரி. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, ஒரு பொருளை இத்தனை நாள் தொட்டுக்கொண்டே இருந்துவிட்டு அதன் வீட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம், பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த ஃபோல்டரைத் திறந்து, அம்புப் படத்தை வெளியே எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி வலம் இடமாகத் திருப்பினேன், முப்பத்திரண்டு கட்டம் அகலம், முப்பத்திரண்டு கட்டம் உயரம், அவ்வளவுதான் அதன் சொத்து. திருப்பியதும் போதாது, ஃபரீத் அண்ணன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார், "படம் சும்மா பாக்கிறதுக்குத்தான் செல்வி, அம்புட்டுக் கட்டத்துல ஒரே ஒரு கட்டம்தான் நெசமாக் குத்துற எடம், அது எதுன்னு நீதான் எண்ணு போட்டுச் சொல்லணும்." முழு அம்பும் வேடம், ஒரு புள்ளிதான் ஆள். அந்தப் புள்ளி எந்த வரிசையில் எத்தனையாவது என்று ஒரு சின்ன ஃபைலில் எழுத வேண்டும், எழுதினேன், லைப்ரரி புரிந்துகொள்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன், மறுநாளிலிருந்து என் திரையில் என் கைக்கு ஏற்ற அம்பு ஓடியது. இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் போட்ட கோடுகளில் குறை வரவில்லையே... வந்ததா? சங்கையா அண்ணன் ஒரு நாளும் வந்து நின்றதில்லை. அட, இதை நேற்றே யோசித்திருக்கலாமே, என் கையை எல்லாரும் பார்க்கிறார்கள் என்றவுடன் நானும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், மந்தை ஆடு மாதிரி.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம். வெற்றுத்தாள் ஒன்றைத் திரையில் வைத்துப் பத்துக் கூட்டல் குறி போட்டேன், அவை மௌஸால் இல்லாமல் எண் தட்டிப் போட்டவை, தவறாது, ஒவ்வொன்றின் நடுவிலும் என் அம்பால் ஒரு புள்ளி வைத்தேன், அவசரப்படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. பெரிதாக்கிப் பார்த்தால் பத்தும் வலது பக்கம் கீழே. பிறகு பழைய இடச்சாய்வு அம்பை மறுபடி போட்டேன், அதற்கு மென்பொருளை மூடி, வெளியேறி, திரும்ப உள்ளே வர வேண்டும், ஏற்கெனவே திறந்திருக்கிற மென்பொருள் முதலில் எடுத்த அம்பையேதான் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்கே எட்டு நிமிடம் போயிற்று. அதே நொட்டாங்கை, அதே பத்துக் குறி. இப்போது ஆறு நடுவிலேயே விழுந்தது, இரண்டு இடது பக்கம், ஒன்று மேலே, ஒன்று கீழே. சிதறல். கை என்றால் இப்படித்தானே சிதற வேண்டும், கோலப்புள்ளி வைக்கிற யார் கையும் இப்படித்தானே சிதறும். ஆனால் உடனே இன்னொரு சந்தேகம், நான்தான் எனக்குச் சாதகமாகப் புள்ளி வைத்துவிட்டேனோ, என் கையை நானே சோதித்தால் தீர்ப்பு எப்படி வரும், வேறு ஒரு கை வேண்டும், நல்ல கை, வலது கை.

சங்கையா அண்ணன் அந்த நேரம் பார்த்து வெட்டுவதற்குத் தாள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இருபது வருடமாகக் கட்டிங் மெஷினில் நிற்கிறவர், பத்து விரலும் பத்திரமாக இருக்கிறவர், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் அதற்குள் என் அம்பை மறுபடி மாட்டியிருந்தேன். உக்காருங்கண்ணே என்றேன். "ஏத்தா, என்னயவா எலியப் புடிக்கச் சொல்ற?" என்று கையை வேட்டியில் துடைத்தார், மௌஸைத் தொட ஏதோ சாமி சிலையைத் தொடுவது மாதிரி யோசித்தார், முதல் புள்ளி வைப்பதற்குள் அம்பு திரையை விட்டே இரண்டு தடவை ஓடிவிட்டது, "இந்தச் சனியன் நிக்கவே மாட்டேங்குதே" என்று பல்லைக் கடித்தார், ஆனால் வெட்டுக்காரர் கண் அல்லவா, நடு எது என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை, ஒவ்வொரு குறியிலும் அம்பு முனையைக் கொண்டுபோய் நிறுத்தி, சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டு, பிறகுதான் அழுத்தினார். பத்துப் புள்ளிக்குப் பதினைந்து நிமிடம். பெரிதாக்கினேன். கொஞ்சம் சிதறல் இருந்தது, புதுக் கை அல்லவா, ஆனால் மொத்தக் கூட்டமும் வலது பக்கம் கீழே நகர்ந்திருந்தது, ஒரே ஒரு புள்ளியளவு. அவர் திரையையே பார்த்தார். "நான் நடுவுலதானத்தா வச்சேன், நீயும் பாத்தியே." நானும் பாத்தேண்ணே, என்றேன், அழுகை வந்துவிடும் போலிருந்தது, சிரிப்பும் வந்தது, பத்து விரலும் உள்ள வலது கையும் அதே இடத்தில் தவறியிருக்கிறது.

சரி, அம்புதான், ஆனால் அம்பில் என்ன? மணி பதினொன்று இருபத்தைந்து. எண் எழுதிய அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தேன், ஒரே ஒரு வரி, முப்பத்திரண்டு, இருபத்தெட்டு, மூன்று, பிறகு படத்தின் பெயர். முப்பத்திரண்டு என்பது அளவு. முனை இருபத்தெட்டாவது கட்டம், மூன்றாவது வரிசை. படத்தைப் பெரிதாக்கி மறுபடி எண்ணினேன், லாபம், ரெண்டு, மூணு, நாலு... அம்மா தீப்பெட்டிக் கட்டை எண்ணுவது அப்படித்தான், ஒன்று என்று தொடங்கமாட்டாள், லாபம் என்றுதான் தொடங்குவாள், நெல் அளந்த காலத்துப் பழக்கம் தீப்பெட்டிக்கு வந்து, எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, கட்டம் எண்ணினாலும் லாபம்தான் வாயில் வரும்... இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. முனை அங்கேதான் இருக்கிறது. தப்பில்லையே. மேலிருந்து கீழே லாபம், ரெண்டு, மூணு. அதுவும் தப்பில்லை. பிறகு எங்கேதான் போகிறது அந்த ஒரு புள்ளி? சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், அம்பை அந்தப் படத்தின் மேல் மூலைக்குக் கொண்டுபோனேன், முதல் கட்டத்தில் நிறுத்தினேன், திரையின் அடியில் அது எந்தக் கட்டம் என்று மென்பொருள் எப்போதும் எழுதிக் காட்டிக்கொண்டுதான் இருக்கும், நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. சைபர், சைபர் என்று இருந்தது. முதல் கட்டம் அதற்கு ஒன்று இல்லை. லாபமும் இல்லை. அது சைபரிலிருந்து தொடங்குகிறது. நான் எண்ணிய இருபத்தெட்டு அதற்கு இருபத்தேழு, என் மூன்று அதற்கு இரண்டு. நான் லாபம் என்று சொல்லி ஒன்றைக் கூட வைத்துவிட்டேன், அந்த ஒன்று நாற்பது லேபிளிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சைபர் என்று சொல்லி எண்ணத் தொடங்குவார்களா, களத்திலும் கம்பெனியிலும் சைபர் என்று வாயைத் திறந்தால் விளங்குமா, அடிக்க வருவார்கள். முதல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது என்ன கணக்கு? ஆனால் யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அது பொருளை எண்ணவில்லை, ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கிறது, ஓரத்திலேயே இருப்பவனுக்குத் தூரம் சைபர்தானே, பஸ் ஸ்டாண்டிலேயே வீடு இருக்கிறவனுக்கு பஸ் ஸ்டாண்ட் எத்தனை கிலோமீட்டர்? இதை யோசித்தவர் யார், எந்த ஊர்க்காரர், அவர் நொட்டாங்கைக்காரராக இருந்திருப்பாரா... செல்வி, மணியைப் பார். பதினொன்று முப்பத்தெட்டு. இருபத்தெட்டை இருபத்தேழாக்கினேன், மூன்றை இரண்டாக்கினேன், லைப்ரரிக்கு மறுபடி மாற்றிக் கொடுத்தேன், வெளியேறி உள்ளே வந்தேன், அந்த எட்டு நிமிடமும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பத்துக் குறி, பத்துப் புள்ளி. ஏழு நடுவில், மூன்று இங்கொன்றும் அங்கொன்றும். தரைச்சக்கர லேபிளின் பழைய வெட்டுக்கோடுகளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட ஆரம்பித்தேன், மேல் வரிசை முடிந்தபோது முதலாளியின் பைக் சத்தம் கேட்டது.

என் பின்னால் வந்து நின்றார், நான் திரும்பவில்லை, கடைசிக் கோட்டைப் போட்டு முடித்து, ஒரு மூலையைப் பெரிதாக்கி, டீ குடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு அது மெல்ல மெல்ல வரைந்து முடிக்கும் வரை இருவரும் பார்த்தோம். தங்கப் பட்டை இரு பக்கமும் ஒரே அகலம், கோடு அதன் விளிம்பில் நின்றது. "கை சரியாயிருச்சா?" என்றார். கை இல்ல மொதலாளி, ஒரு எண்ணு தப்பு, நான் போட்ட எண்ணுதான், ஒண்ணு கூடப் போட்டுட்டேன், சங்கையாண்ணன் வச்ச புள்ளியும் தப்பாத்தான் விழுந்துச்சு, வேணா அவுகளக் கேளுங்க, என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவருக்கு முழுதும் விளங்கியதா தெரியவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கையின்னுல நெனச்சுட்டேன்," என்றார், அதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை, மழை வரும் என்று நினைத்தேன் வரவில்லை என்கிற மாதிரிதான் சொன்னார். "சரி, நீ இங்கனயே இரு. ரெண்டு மணிக்கு கரண்ட் வந்ததும் அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பிரு." அவர் ரூமுக்குள் போகவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது, யூபிஎஸ் கீச்சிட்டது, சேமித்துவிட்டு அணைத்தேன், திரை கறுத்தது. ஜெயித்துவிட்டேன், அப்படித்தான் இருக்க வேண்டும், ஆனால் ஏதோ ஒன்று இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது, பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின்கள் நின்றுவிட்டதில் பிரஸ்ஸே அமைதியாகக் கிடந்தது, சங்கையா அண்ணன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு காற்றுக்காக என் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார், நானும் டப்பாவைத் திறந்தேன். காலையில் அவரும் ஒரு பங்குக்குச் சோதனைக்கு உட்பட்டவர் என்பதாலோ என்னவோ அவருக்கு இன்று என்னிடம் ஒரு உரிமை வந்திருந்தது, ஆறு மாதமாகக் கேட்காததைக் கேட்டார். "ஏந்தாயி, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. அந்தக் கை எப்பிடி ஆச்சு?" இதற்கு என்னிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும், கை தவறிருச்சு, அவ்வளவுதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரியில், பெண் பார்க்க வந்தவர்களுக்கு, எல்லாருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், பட்டாசுத் திரிக்கட்டை வெட்டும்போது கை தவறிருச்சு. விசாரணைக்கு வந்தவரும் அதைத்தான் எழுதினார், தொழிலாளியின் கவனக்குறைவு, அதன் கீழே நான் போட்டதுதான் நொட்டாங்கையால் என் முதல் கையெழுத்து. வாயைத் திறந்தேன். கை... என்று ஆரம்பித்தேன். அந்தப் பட்டாசுக் கம்பெனியின் திரி அறையில் மொத்தம் நான்கு மேசை, மேற்குக் கதவோரம் இருந்ததுதான் என்னுடையது, மூன்று மணிக்குமேல் வெயில் நேராக அதன் தகரத்தின்மேல் விழும், கையை வைத்தால் சுடும். எனக்கு முன்னால் அதில் மாரீஸ்வரி மதினி வெட்டினாள், அவளுக்கும் கை வெந்தது, அவளுக்கு முன்னால் குருவம்மாள், அவளுக்கும். மற்ற மூன்று மேசையில் யாருக்காவது... ஒருத்தருக்கும் இல்லை, எனக்குத் தெரிந்து ஒருத்தருக்கும் இல்லை. மூன்று பேர் கை, மூன்றும் அந்த ஒரே மேசையில்தான், மூன்றும் வெயில் இறங்குகிற நேரம்தான், நாங்கள் மூன்று பேருமே கை தவறியது என்றுதான் சொன்னோம். இப்போது அந்த மேசையில் யார் வெட்டுகிறாள்? சங்கையா அண்ணன் சோற்றை உருட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லப் பிடிக்காட்டி விடு தாயி, என்றார். "அப்பிடி இல்லண்ணே," என்றேன், ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, "எப்பிடி ஆச்சுன்னு எனக்குத் தெரியலண்ணே."